விளைமீன் தலை

அல்பொன்சாவின் இடுப்பில் எப்போதும் ஒரு சாவி தொங்கும். பஸ்தியானின் விடுதியில் அரிசி, மா, எண்ணெய், சரக்குத்தூள் எல்லாவற்றையும் பூட்டிவைக்கும் சாமான் அறையின் சாவி அது. அந்தச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே குசினிக்குப் பெரியவர். குசினிக்குப் பெரியவருக்கு இன்னோர் உரித்தும் இருந்தது. அன்றன்று வாங்கும் மீனின் தலை அவருக்கு. கண்டக்குளிக் கடலில் காற்றுப்பட்டத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அலைமேல் ஓட வரும் வெள்ளைக்காரர் எவரும் மீன் தலையைத் தொடுவதில்லை. ஒருமுறை தெரியாத்தனமாகத் தலையோடு பரிமாறியபோது, மீன் தன்னையே பார்க்கிறதென்று ஒரு ஜேர்மன்காரப் பெண் அழுதே விட்டாள். அதன் பிறகு தலை நேரே ஒரு சொப்பிங் பையில் விழும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஓட்டோக்காரன் அதை அல்பொன்சாவின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பான். முழங்கால் நோவினால் கடலுக்குப் போவதை விட்டுவிட்ட அவளுடைய புருசன் பேதுரு புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு படலையடியில் காத்திருப்பான்.

யுத்தம் முடிந்த மறுவருசம் ஆறு ஓலைக் குடில்களோடு தொடங்கிய விடுதி அது. தொடங்கிய நாள் முதல் அல்பொன்சாதான் கோக்கி, சமையல் முழுக்க அவள் கையில். அவளுடைய நண்டுக் கறிக்காகவே திரும்பி வந்தவர்கள் உண்டு. கூடமாட வேலைக்கு மஹ்மூதா இருந்தாள். வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு, ஆறு வயதில், வாப்பாவின் தோளில் இருந்தபடி மன்னாரை விட்டு வந்தவள். இப்போது பாலாவியில் குடியிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். நாலு வருசமாக வெங்காயம் உரித்தாள், தேங்காய் துருவினாள், அரிசி அரித்தாள். அல்பொன்சா அவளுக்கு வேலை சொல்வாள், சில நாளில் பாட்டும் விழும். ஆனால் அவளிடம் ஒன்றைக் கேட்டறிந்தது கிடையாது.

2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பாரிசிலிருந்து பஸ்தியானுக்கு ஒரு கடிதம் வந்தது. கைப்பேசியில் வந்த கடிதம்தான், ஆனாலும் மூன்று பக்கம். எழுதியவன் தானியேல். முந்தின வருசம் தனியே வந்து இரண்டு கிழமை பட்டம் விட்டுப் போனவன். இந்த முறை அம்மா எஸ்தரோடும் குடும்பத்தோடும் எட்டுப் பேராக வருகிறார்களாம். தாங்கள் யூதர்கள் என்றும், செப்டெம்பர் இருபதாந் திகதி பொழுதுபடத் தங்கள் புது வருசம் பிறக்கிறது என்றும், அம்மா கோஷர் முறை தவறாதவர் என்றும் எழுதி, அந்த முறைகளை இலக்கம் போட்டு அடுக்கியிருந்தான்.

பஸ்தியான் குசினிக்குள் கதிரையைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அல்பொன்சாவின் முகம் இறங்கிக்கொண்டே போனது. நண்டு கூடாது. இறால் கூடாது. கணவாய் கூடாது. பன்றி கூடாது. செதிலும் செட்டையும் உள்ள மீன் மட்டும் ஆகும், ஆகவே சுறாவும் திருக்கையும் கூடாது. இறைச்சியை அவர்கள் முறைப்படி அறுக்க இங்கே ஆள் இல்லாதபடியால் இறைச்சியே வேண்டாம். முட்டையை ஒவ்வொன்றாகக் கிளாசில் உடைத்து இரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீரையை இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்க்க வேண்டும்.

தன் கைராசிக்குப் பேர்போன சாமான்களையெல்லாம் ஒரே கடிதத்தில் வெட்டிப்போட்டார்களே என்று அல்பொன்சா நினைத்தாள். மஹ்மூதாவோ அரிசியிலிருந்து தலையை எடுக்காமல், பண்டி தின்னாத ஆக்கள் என்றால் பாதிக் கஷ்டம் முடிந்தது என்று சொன்னாள். பஸ்தியானுக்கு அது ஒரு யோசனையைக் கொடுத்தது.

"அல்பொன்சாக்கா, இந்தப் பத்து நாளைக்கு மட்டும் மஹ்மூதா முன்னுக்கு நிக்கட்டுமே. அவக்கு ஹலால் முறை தெரியும். இதும் கிட்டத்தட்ட அதுதான்."

"என்ட குசினியில நான் வெங்காயம் உரிக்கிறதோ?"

"அப்ப நீங்களே செய்யுங்கோ. ஆனா ஒருக்காப் பிழைச்சாப் பொறுப்பன். ரெண்டாந்தரம் பிழைச்சாச் சாவி அங்கால போகும். பிறகு என்னோட கோவிக்கக் கூடாது."

அல்பொன்சா சாவியை ஒருமுறை இறுக்கி முடிந்துகொண்டாள். அதுதான் அவள் சொன்ன மறுமொழி.

பதினெட்டாந் திகதி திங்கட்கிழமை அவர்கள் வந்திறங்கினார்கள். எஸ்தருக்கு எழுபது வயதிருக்கும். குள்ளமான மனுசி, வெள்ளை முடி, ஆனால் நடையில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட். அறையைக்கூடப் பார்க்காமல் நேரே குசினிக்குள் வந்தார். பின்னால் வந்த தானியேல், தாய் பாராத நேரம் அல்பொன்சாவைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தான். பிறகு இரண்டு கைகளாலும் நண்டின் கடிவாய் மாதிரிக் காட்டி, தலையை இல்லையென்று ஆட்டினான். அல்பொன்சாவுக்கு விளங்கியது. போன வருசம் மூன்று கோப்பை நண்டுக் கறியை ஓட்டோடு சப்பினவன் இவன்தான். அவளும் ஒன்றும் தெரியாத முகத்தோடு தலையை ஆட்டினாள். அந்த நிமிசத்திலிருந்து அவனிடம் அவளுக்கு ஒரு பிடி இருந்தது.

புத்தளத்தில் வாங்கிய புதுச் சட்டிகளையும் தாச்சிகளையும் எஸ்தர் பார்த்தார். அவற்றின் காசை முன்னமே அனுப்பியிருந்தபடியால் அவை அவருடைய பாத்திரங்கள். புதுப் பாத்திரம் கடலில் முழுக வேண்டுமாம். எஸ்தர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலில் இறங்கினார். ஒவ்வொரு சட்டியாக முழுவதும் தாழ்த்தி எடுத்துப் பிரெஞ்சு அல்லாத ஒரு மொழியில் ஏதோ சொன்னார். அலை ஆளையே கொண்டுபோய்விடும் என்ற பயத்தில் அல்பொன்சா பின்னால் நின்று அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மூடியைக் காற்றுத் தூக்கிக்கொண்டு போக, கரையில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஆள் ஓடிப் பிடித்துக் கொடுத்தார். கொடுத்தவர், விடுதியில் பைப்தண்ணி நிண்டுபோச்சா என்று விசாரித்தார். இல்லை, சட்டிக்கு ஞானஸ்நானம் என்றாள் அல்பொன்சா.

அதற்கடுத்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. காய் வெட்டலாம், கூட்டுச் சேர்க்கலாம், கிண்டலாம். ஆனால் அடுப்பை மூட்டிச் சட்டியை ஏற்றுவது எஸ்தரின் கையாக இருக்க வேண்டும், அதுவும் அவர்களுடைய முறையாம். முப்பத்தைந்து வருசமாக அடுப்பு மூட்டினவள், நெருப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வெளிநாட்டு மனுசி நித்திரையால் எழும்பி வரும்வரை காவல் நின்றாள். மஹ்மூதா மட்டும் அதை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டு, கிடைத்த பத்து நிமிசத்தில் காலை நீட்டி உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தாள்.

செவ்வாய்க்கிழமை முதலாவது பிழை நடந்தது. அல்பொன்சா நல்லதொரு பாறை மீனை எடுத்தாள். வந்திருப்பவர்கள் சுத்தம் பார்க்கிறவர்கள், ஆகவே எல்லாரையும்விடச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் மினக்கெட்டுச் செதிலைச் சுரண்டி, தோலை உரித்து, முள்ளைப் பிடுங்கி, பால் போல வெள்ளைத் துண்டுகளாக அடுக்கி வைத்தாள். எஸ்தர் வந்து பார்த்தார். துண்டைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். செதில் எங்கே என்று கேட்டார். அல்பொன்சா பெருமையோடு, ஒன்றும் இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். செதிலைக் கண்ணால் காணாவிட்டால் அது என்ன மீனென்று தனக்கு எப்படித் தெரியும், தன்னால் சாப்பிட ஏலாது என்று எஸ்தர் மிகவும் தன்மையாகச் சொல்ல, பஸ்தியான் அதைத் தன்மையில்லாமல் தமிழில் சொன்னான். எட்டுப் பேரும் அன்று பருப்போடு சாப்பிட்டார்கள். வேலைக்காரர் எல்லாருக்கும் பாறை மீன் பொரியல் கிடைத்தது. பஸ்தியான் ஒரு விரலை நிமிர்த்திக் காட்டினான்.

மறுநாள் புதன், திருநாள். பொழுதுபட முன்னம் எல்லாம் அடுப்பேறி இருக்க வேண்டும். அன்றைய மேசைக்கு வேண்டியதும் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. பேரீச்சம்பழம், மாதுளை, தேனில் தோய்த்த அப்பிள், சுரைக்காய், பயற்றங்காய், கீரை, ஒரு மீன் தலை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, வருகிற வருசத்துக்கு ஒவ்வொரு நன்மை கேட்டுச் சாப்பிடுவார்களாம். பேரீச்சம்பழத்தை மஹ்மூதா நோன்புக்கு வாங்கும் கடையிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கி வந்திருந்தாள்.

காலையில் அல்பொன்சா ஆறு கிலோ விளைமீன் ஒன்றை எஸ்தரின் கண்ணுக்கு முன்னால் வைத்தாள். செதில் ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு. எஸ்தர் ஒன்றைப் பிய்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டு அவளுடைய கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார். வெட்டும்போது அல்பொன்சா தோலையும் செதிலையும் ஒவ்வொரு துண்டிலும் கவனமாக விட்டாள். இதுவரைக்கும் சரி.

பிறகு தலை மிஞ்சியது. ஒரு சின்னப் பிள்ளையின் தலை அளவு. கன்னத்தில் சதை பிதுங்கிக்கொண்டு நின்றது. கடிதத்தில் மீன் தலை என்று இருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் எழுதுகிற வெள்ளைக்காரர் வேறு, மேசையில் இருக்கிற வெள்ளைக்காரர் வேறு என்பதும் நினைவிருந்தது. ஜேர்மன்காரியின் அழுகையை யோசித்தாள். எட்டுப் பேரில் மூன்று பேர் சின்னப் பிள்ளைகள், திருநாளும் அதுவுமாக அழ வைக்கலாமா என்று யோசித்தாள். பேதுருவுக்குத் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் இந்த அமளியில் தலை போகவில்லை என்பதையும் யோசித்தாள். இவ்வளவையும் யோசித்து முடித்தபோது தலை பைக்குள் இருந்தது. மஹ்மூதா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே அந்தப் பையையும் ஓட்டோவையும் பார்த்தாள். யாரும் தன்னைக் கேட்கவில்லை என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றரை மணிக்குத் தானியேல் வந்தான். தலையை முழுசாக அவிக்க வேண்டுமாம், அம்மா அடுப்பில் ஏற்றி வைக்க ஐந்து மணிக்கு வருவாராம், தன் பிள்ளைகள் இப்போதே அதன் கண்ணுக்குச் சண்டை பிடிக்கிறார்களாம். இதைப் பஸ்தியான் தமிழில் சொல்லிவிட்டு, தலை எங்கே என்று தற்செயலாகக் கேட்டான். உப்புத் தடவி வைத்திருக்கிறது என்றாள் அல்பொன்சா. அவர்கள் போனதும் வீட்டுக்கு அழைப்பெடுத்தாள்.

"அந்தத் தலையை என்ன செய்தனீங்கள்?"

"இதென்ன கேள்வி," என்றான் பேதுரு. "ஒரு கண் முடிஞ்சுது. மற்றதை உனக்கு வச்சிருக்கிறன்."

வீட்டில் தலை வெந்த அந்தச் சட்டியில் போன ஞாயிறு நண்டு கொதித்தது. கண் இரண்டும் பத்திரமாக இருந்திருந்தாலும் அந்தத் தலை திரும்பி வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அல்பொன்சா இடுப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு நாலு வருசத்தில் முதல் தடவையாக மஹ்மூதாவின் பக்கம் திரும்பி, இப்ப என்ன செய்யலாம் பிள்ளை என்று கேட்டாள்.

மஹ்மூதா கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். பள்ளிவாசல்துறையில் அவளுடைய வாப்பாவின் தம்பி மர்ஸூக் சாச்சா இருக்கிறார், களப்பில் சின்ன வலை போடுகிறவர், பின்னேரம்தான் கரைக்கு வருவார். ஓட்டோவைக் கூப்பிட்டார்கள். ஏறி ஒரு வளைவு தாண்டவில்லை, மஹ்மூதா கதையைத் தொடங்கினாள்.

"அக்கா, தலை கிடைச்சா எனக்கு என்ன?"

"காசா கேக்கிறாய்?"

"காசு வேணாம். கிழமையில ரெண்டு நாள் மீன் தலை. நானும் நாலு வருசமா வாசத்தோட மட்டும்தான் வீட்ட போறன். செவ்வாயும் வெள்ளியும் தாங்க."

அல்பொன்சா வெளியே பார்த்தாள். ஓட்டோ மணலில் குலுங்கியது.

"வெள்ளி ஏலாது. வெள்ளிக்கிழமை நாங்க இறைச்சி தின்னுறேல்ல. அண்டைக்குத் தலையும் இல்லாட்டி அந்த மனுசன் என்னைத் தின்னும்."

"அப்ப செவ்வாயும் சனியும்."

"சனிக்கிழமைதான் பெரிய மீன் வாங்குறது."

"தெரியும். அதாலதான் கேட்டன்."

பள்ளிவாசல்துறை தெரிகிற வரைக்கும் அல்பொன்சா விரல்விட்டுக் கிழமைகளை எண்ணினாள். தெரிந்ததும், சரி, செவ்வாயும் சனியும் என்றாள். ஓட்டோக்காரனைச் சாட்சி வைத்துக்கொண்டாள் மஹ்மூதா.

கரையில் மீன் இல்லாமல் இல்லை. ஒரு குவியல் திருக்கை கிடந்தது. நாலு சுறாக்குட்டி. ஒரு கூடை கெளிறு, செதிலுக்கு மருந்துக்கும் இடமில்லாத மீன். கணவாய், இறால், உயிரோடு ஓடும் நண்டு. கடிதத்தில் கூடாது என்று எழுதியிருந்த அத்தனையும் ஒன்றும் தவறாமல் அங்கே வந்திருந்தன. ஒரு வியாபாரி சுறாத் தலையைத் தூக்கிக் காட்டி, இதைவிடப் பெரிய தலை கற்பிட்டியிலும் இல்லை என்றார். அல்பொன்சாவுக்கு அழுகை வரப் பார்த்தது.

மர்ஸூக் சாச்சா தோணியை இழுத்து வைத்துவிட்டு வந்தார். அவரிடமும் பெரிதாக ஒன்றுமில்லை. அடியில் இரண்டு கிலோ சூடை மீன் மட்டும் கிடந்தது, விரல் நீளத்துக்கு. விற்கிறதற்கில்லை, வீட்டுப் பூனைகளுக்காம். மஹ்மூதா ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். தலை இருந்தது. செதில் இருந்ததா என்று பார்க்கத் தேவையே இல்லை, சூடையின் செதில் தொட்ட கையெல்லாம் ஒட்டும்.

"ஒரு தலைதானே கேட்டது," என்றாள் அல்பொன்சா. "இவ்வளவு சின்னதை மேசையில வச்சா ஆற்ற கண்ணுக்குத் தெரியும்?"

"ஏன் ஒண்டு, அக்கா? எட்டுப் பேர். ஆளுக்கொண்டு வைப்பம்."

ஐந்து மணிக்குப் பத்து நிமிசம் இருக்கக் குசினிக்குள் ஓடி வந்தார்கள். அழகானதாகப் பதினாறு பொறுக்கினார்கள், அதில் எட்டு பிசகினால் மாற்றுவதற்கு. எஸ்தர் வந்தார். தட்டைப் பார்த்தார். சூடையின் உடம்பில் பாதிச் செதில் கொட்டிப் போயிருந்தது, அவர் குனிந்து குனிந்து தேடினார். பிறகு நிமிர்ந்தவர், அல்பொன்சாவின் முழங்கையில் ஒட்டியிருந்த ஒன்றை நகத்தால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். செதில்தான். உடனே அடுப்பை மூட்டித் தாச்சியை ஏற்றினார்.

ஆறு மணிக்குக் கடலில் சூரியன் விழுந்தது. வெள்ளைச் சீலை விரித்த மேசையில் இரண்டு மெழுகுதிரி, காற்றுக்கு அணையாமல் கண்ணாடிக் கூட்டுக்குள் எரிந்தது. பேரீச்சம்பழத்துக்கு ஒரு மன்றாட்டு, சுரைக்காய்க்கு ஒன்று, பயற்றங்காய்க்கு ஒன்று. அல்பொன்சா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பஸ்தியான். எட்டுக் கோப்பையில் எட்டுச் சூடைத் தலை போனது. பிள்ளைகள் யாரும் அழவில்லை. ஆளுக்கு இரண்டு கண் என்று கண்டதும் சண்டையும் இல்லை. வால் ஆகாமல் தலை ஆக வேண்டும் என்று கேட்கிற மன்றாட்டு அது என்று தானியேல் பஸ்தியானுக்கு விளக்கினான். வீட்டில் ஒரு தலையை எட்டாகப் பிய்ப்பார்களாம், வீட்டுக்குப் பெரியவருக்குப் பெரிய துண்டு போய்விடுமாம். இதை யார் யோசித்தது, இந்த முறைதான் எல்லாரும் முழுத் தலை என்று எஸ்தர் சிரித்தார்.

பஸ்தியான், இது எங்கள் விடுதியின் ஏற்பாடு என்று சொல்லிக்கொண்டான். அல்பொன்சாவுக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் எஸ்தர் இன்னுமொன்று சொன்னார். திருநாள் இரண்டு இரவாம். இன்றைக்குச் சின்னத் தலையால் சமாளித்தது நல்லது, காலையில் பார்த்த அந்தப் பெரிய தலையை நாளைக்கு இரவு வைக்கலாமாம்.

எல்லாரும் அல்பொன்சாவையே பார்த்தார்கள். தானியேல்கூட. ஐஸ் பெட்டியில் இருக்கிறது என்று சொல்லலாம். விடிய வேறொரு விளைமீன் வாங்கி அதுதான் இது என்று வைக்கலாம். ஆனால் செதில் செதிலாகப் பார்க்கிற மனுசி. தன் கன்னத்தில் தட்டிவிட்டுப் போன மனுசி. அவருடைய புது வருசத்தைப் பொய்யோடு தொடக்கி வைக்க அல்பொன்சாவுக்கு வாய் வரவில்லை.

"அது என்ட புருசன்ட வயித்துக்க," என்றாள். "சொல்லுங்கோ முதலாளி. நான்தான் அனுப்பினனான். சூடை மீன் மஹ்மூதா தேடித் தந்தது. ஆளுக்கொரு தலை வைப்பம் எண்டதும் அவதான்."

பஸ்தியான் வேறு வழியில்லாமல் சொன்னான். பிறகு எஸ்தர் ஏதோ கேட்டார். பஸ்தியான் தடுமாறினான்.

"புளி போட்டோ, தக்காளி போட்டோ எண்டு கேக்கிறா."

புளி என்றாள் அல்பொன்சா. எஸ்தர் தலையை ஆட்டி யோசித்தார். தான் பிறந்த ஊரான தூனிசில் சீரகமும் மிளகாயும் போடுவார்களாம், நாளைக்குப் பாதிப் பாதி செய்து பார்ப்போம் என்றார். அவ்வளவுதான், மாதுளைக்குப் போய்விட்டார்.

ஆனால் பஸ்தியான் போகவில்லை. குசினிக்குள் வந்து இரண்டு விரலை நிமிர்த்திக் கையை நீட்டினான். அல்பொன்சா முடிச்சை அவிழ்த்தாள். ஏழு வருசத்து முடிச்சு, நகம் நொந்தது. அவன் சாவியை வாங்கி மஹ்மூதாவின் பக்கம் நீட்டினான். அவள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேணாம் முதலாளி."

"ஏன்?"

"சாமான் அறையைப் பூட்டுறவதான் கடைசியாப் போறது. ஆறரை பஸ்ஸை விட்டா நான் பாலாவிக்கு நடந்தா போறது? எனக்குச் செவ்வாயும் சனியும் போதும். மிச்சத்தை அக்காட்டக் கேளுங்க."

செவ்வாயும் சனியும் என்ன என்று பஸ்தியான் கேட்பதற்குள் அவள் ஒழுங்கையில் இறங்கிவிட்டாள். அவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். மேசையிலிருந்து இன்னும் கொஞ்சம் தேன் கேட்டார்கள். தேன் சாமான் அறையில் இருந்தது, எந்த மூலையில் என்று அவனுக்குத் தெரியாது. சாவியை அல்பொன்சாவுக்கு முன்னால் குசினி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

மறுநாள் வியாழக்கிழமை விடியமுன்னம் அல்பொன்சா கரைக்குப் போய் ஏழு கிலோ விளைமீனை வாங்கினாள். தலையை எஸ்தரின் கண்ணுக்கு முன்னாலேயே வெட்டி, அவருடைய சட்டியிலேயே வைத்து மூடினாள். திருநாளில் புது நெருப்பு மூட்டக் கூடாதாம், எஸ்தர் அதை முதல்நாளே மூட்டி அணையாமல் வைத்த நெருப்பில் ஏற்றினார். சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பேதுரு அழைப்பெடுத்தான். ஓட்டோவை இன்னும் காணவில்லையாம், புளி கரைத்தாகிவிட்டதாம், இன்றைக்கு என்ன வருகிறதாம்.

"வால்," என்றாள் அல்பொன்சா.

அந்தப் பக்கத்தில் கரண்டி சட்டியில் தட்டுப்பட்டது.

"முழு வாலோ?" என்று கேட்டான் பேதுரு.